எத்து என்றால் உயரம்

எனக்குக் கழுத்துவலி உண்டு. வருஷக்கணக்காக அண்ணாந்து பார்ப்பதே வேலையாக இருந்தால் யாருக்கும் வரும். புத்தூர் டாக்டர் தலையணையை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன், இப்போது பரவாயில்லை. இதை முதலில் சொல்லக் காரணம், உங்கள் விசாரணை அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் என்னை ‘உடல்நலக் குறைவிலும் கடமை தவறாத பார்வையாளர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. அன்றைக்கு எனக்குக் கழுத்துவலி இல்லை.

அறிக்கை முழுவதையும் இரண்டு முறை படித்தேன். ஐம்பத்திரண்டு பக்கத்தில் உருப்படியாக இருப்பது தேதியும் விமானத்தின் எண்ணும்தான். கடைசியில் ‘மொழிக் குழப்பத்தால் நேர்ந்த தற்செயலான விபத்து’ என்று முடித்திருக்கிறீர்கள். மாதக்கணக்கில் யோசித்து, இடம் பார்த்து, நேரம் பார்த்து ஒருவன் செய்த காரியத்தைத் தற்செயல் என்று எழுதினால் அவனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு எரிச்சலாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழில் எழுதுகிறேன். தெலுங்கு வராது என்பதல்ல. ஆந்திர எல்லையில் நகரி, சத்தியவேடு பக்கம் பிறந்தவர்களுக்கு இரண்டு வாய் உண்டு. ஒன்று வீட்டுக்கு, ஒன்று தாசில்தார் உட்காரும் எம்.ஆர்.ஓ. ஆபீசுக்கு. ஆனால் இந்த விஷயத்தைத் தமிழில் சொன்னால்தான் புரியும். உங்களிடம் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். போன தடவை ஒரே ஒரு வார்த்தையைக் கொடுத்தீர்கள், அதையே அவர் கோட்டைவிட்டார். இந்தத் தடவையாவது நிதானமாகச் செய்யட்டும்.

என் பெயர் கோவர்த்தனன். புத்தூர் பைபாஸ் ஓரம் இருக்கும் ட்ரோன் கம்பெனியில் வேலை. இரண்டு அறையும் நான்கு ட்ரோனும் இருந்தால் எங்கள் ஊரில் அதற்குக் கம்பெனி என்று பெயர். கால்வாய், ஏரி, லே-அவுட் இவற்றை மேலிருந்து படமெடுத்து அளந்து கொடுப்போம். முதலாளி ஹேமநாத் நல்ல மனிதர், சிரித்த முகம், எதைக் கொடுத்தாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். லைசென்ஸ், இன்சூரன்ஸ், வரைபடத்தில் எந்த நிறத்தில் எவ்வளவு உயரம் பறக்கலாம் என்பதெல்லாம் ஆறு வருஷமாக என் தலையில். அந்தக் கம்பெனியில் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்த ஒரே ஆள் நான்.

நிறம் என்றேனே, அது எளிது. எங்கள் பக்கத்தில் கொத்தமிட்டாவில் ராணுவ விமானப் பயிற்சித் தளம் இருக்கிறது. அதன் வேலியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை சிவப்பு, அங்கே ட்ரோனை நினைக்கவும் கூடாது. ஐந்திலிருந்து எட்டு வரை மஞ்சள், அனுமதி வாங்க வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்துக்குப் பச்சை. யாரையும் கேட்க வேண்டாம், பறக்கலாம். அறுபதைத் தாண்டினால் அதே இடம் மஞ்சள். எல்.கே.ஜி. குழந்தைக்கும் புரியும். ஆனால் கல்யாணத்துக்கு ட்ரோன் விடுகிறவனுக்குப் புரியாது, எஞ்சினீரிங் படித்தவனுக்குப் புரியாது. தளத்தில் சீருடை போட்டு உட்கார்ந்திருந்தவருக்கே ஒருமுறை நான் போனில் விளக்க வேண்டியிருந்தது. அவர் பாதியில் கொட்டாவி விட்டது எனக்குக் கேட்டது.

போன வருஷம் ஹேமநாத், யோகேஷைக் கூட்டிவந்தார். ஆவடிப் பக்கத்து ஆள், முப்பத்திரண்டு வயது, முதலில் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவன். சென்னையில் பத்து நாள் பயிற்சி எடுத்து பைலட் சான்றிதழ் வாங்கியிருந்தான். கை நேர்த்தி, அதை மறுக்க மாட்டேன். ரிமோட்டின் குச்சியை அசைப்பது தெரியாமல் அசைப்பான், ட்ரோன் வழுக்கிக்கொண்டு போகும். வந்த இரண்டாவது வாரம் அவன் தலைமை பைலட் ஆனான். நான் பார்வையாளன் ஆனேன்.

பார்வையாளன் என்றால் உங்களுக்குத் தெரியும். பைலட்டின் கண் திரையில் இருக்கும். இன்னொருவன் கொஞ்சம் தள்ளி நின்று வானத்தைப் பார்த்து, கம்பி வருகிறது, பருந்து வருகிறது என்று வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். ஹேமநாத் என் தோளில் கைபோட்டு, “மீரு ஆகாசம் சூடண்டி, சாலு” என்றார். நீங்கள் ஆகாயத்தைப் பாருங்கள், அது போதும் என்று அர்த்தம். கையில் ஒரு குடையும் கொடுத்தார், வெயிலுக்கு.

யோகேஷை எனக்குப் பிடிக்கவில்லை. சொல்வதற்கு என்ன வெட்கம். கெட்டவன் அல்ல. காலையில் வந்ததும் எனக்கு டீ வாங்கி வைப்பான். ஆனால் படிக்க மாட்டான், எதையும் படிக்க மாட்டான். படிக்கிறவனைப் பார்த்துச் சிரிப்பான்.

“இன்னா ரூல் நைனா, மேப்புல இன்னிக்கு இன்னா கலரு?”

“பச்சை. ஆனா அறுவது மீட்டர் வரிக்கும்தான்.”

“பச்சைன்னா போ நைனா. சிக்னல்ல பச்சை வுழுந்தா வண்டிய நிறுத்தி நோட்டீஸ் படிச்சிக்கினா இருப்பாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள், ஹேமநாத்தும் சிரித்தார். அன்றிலிருந்து ரூல் நைனா என்பது என் பெயராகிவிட்டது. நைனா என்று என்னைக் கூப்பிட என் மகளுக்கு மட்டும்தான் உரிமை. அவளும் திருப்பதியில் படிக்கப்போன பிறகு டாடி என்கிறாள். அது வேறு விஷயம்.

இப்போது வார்த்தைக்கு வருகிறேன். வாக்கிடாக்கியில் தெலுங்குதான் பேச வேண்டும் என்பது கம்பெனி வழக்கம், பேச்சு பதிவாகும், ஹேமநாத் கேட்டுப்பார்ப்பார் என்பதால். பார்வையாளன் அடிக்கடி பைலட்டிடம் உயரம் கேட்க வேண்டும். தெலுங்கில் உயரத்துக்கு எத்து என்று பெயர். நான் ‘எத்து?’ என்று கேட்டால் பைலட் திரையைப் பார்த்து ‘அரவை’, அதாவது அறுபது என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கம்பெனி மேனுவலை எழுதியதே நான், அதில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

யோகேஷ் தலைமை பைலட் ஆன முதல் வாரம் நாராயணவனத்தில் ஒரு குளத்தை அளந்தோம். ட்ரோன் நாற்பது மீட்டரில் இருந்தது. நான் “எத்து?” என்றேன். ட்ரோன் விர்ரென்று மேலே போனது. மறுபடி “எத்து?” என்றேன், இன்னும் மேலே போனது. இறக்கிய பிறகு கேட்டால், “நீதானே நைனா ஏத்து ஏத்துன்னே?” என்றான்.

எங்கள் பக்கத்துத் தமிழில் ஏத்து என்றால் உயர்த்து. நின்று கேட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும், ஒன்று குறில், ஒன்று நெடில். ஆனால் கரகரவென்ற வாக்கிடாக்கியில் குறிலாவது நெடிலாவது. ஹேமநாத் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “எத்து அண்டே ஹைட்டு பாபு”, எத்து என்றால் ஹைட் தம்பி, என்று அவன் முதுகில் தட்டினார். என்னைப் பார்த்து, இனிமேல் இவனிடம் ஹைட் என்றே கேளுங்கள் என்றார். அப்படியே ஆனது. வாய் வார்த்தையாக ஆனது. மேனுவலை யாரும் திருத்தச் சொல்லவில்லை, நானும் திருத்தவில்லை. அவனும் அதற்குப் பிறகு எத்து என்றால் உயரம் என்று தெரிந்துகொண்டான், சும்மா இருக்கும்போது கேட்டால் சரியாகச் சொல்வான். ஆனால் பதற்றத்தில் காது தாய்மொழிக்குத்தான் ஓடும். இது உங்கள் நிபுணர்களுக்குத் தெரியவில்லை. ஆடு மேய்க்கிறவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

ஏப்ரலில் ஒரு ஏரியை அளக்கும் வேலை வந்தது. கொத்தமிட்டா வேலியிலிருந்து ஒன்பதரை கிலோமீட்டர், பச்சை, அறுபது மீட்டர். ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. வடகரையில் உயர் அழுத்த மின்கம்பி போகிறது. அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும், என் மாமியார் ஊருக்கு அந்த வழியாகத்தான் போவோம். பயிற்சி விமானங்கள் அந்தக் காய்ந்த ஏரியின் மேல் வந்து ஒரு வேடிக்கை செய்யும். எஞ்சின் நின்றுபோனால் எப்படி இறங்குவது என்று பழகுகிறார்களாம். எஞ்சினை அடக்கிவிட்டுச் சத்தமில்லாமல் மிதந்து இறங்கி, ஏறக்குறைய தொண்ணூறு மீட்டர் வந்ததும் மறுபடி முடுக்கி மேலே போய்விடுவார்கள். செவ்வாய், வியாழன், காலை பத்து மணிக்கு மேல். நான்கு வாரம் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

அறுபதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே முப்பது மீட்டர் இருக்கிறது. விதியைப் போட்டவன் முட்டாள் இல்லை. விதிப்படி பறந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, இதைத்தான் நான் அந்தக் கம்பெனியில் ஆறு வருஷமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போனது ஒரு வியாழக்கிழமை. வேலைத் தேதியைக் குறிப்பது என் பொறுப்பு.

ட்ரோனின் செட்டிங்கில் உச்ச உயரம் என்று ஒன்று உண்டு. அதில் அறுபது என்று போட்டால் யார் என்ன செய்தாலும் அது அறுபதைத் தாண்டாது. அதற்கு முந்தின நாள் காளஹஸ்தி பக்கம், நூற்றிருபது மீட்டர் வரை பச்சையாக உள்ள இடத்தில் வேலை செய்ததால் அதில் நூற்றிருபது இருந்தது. யோகேஷ் மாற்றவில்லை. மாற்ற வேண்டியது பைலட். பார்வையாளன் ஞாபகப்படுத்த வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. சரிபார்ப்புப் பட்டியலில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டேன். பொய்யாக டிக் போடவில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வழக்கமாக அந்த வட்டத்தில் பறக்கும் முன் தளத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவேன். பச்சையில் அது தேவையில்லை, மரியாதைக்குச் செய்வது. கொட்டாவி விடுகிறவர்களுக்கு என்ன மரியாதை என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். சட்டப்படி அதில் குற்றமில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு புகார். அறுபதைத் தாண்டினான் என்று ட்ரோனிலேயே பதிவாக வேண்டும், அதை விமானத்திலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும். சான்றிதழ் போய்விடும், அவனும் ஆவடிக்குப் போய்விடுவான். நான் குச்சியைப் பிடிப்பேன், குடையை வேறு யாராவது பிடிக்கட்டும். இவ்வளவுதான் என் திட்டம். இதில் கொலை எங்கே இருக்கிறது? அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆறு கிலோ ட்ரோன் விமானத்தின் முன்கண்ணாடியில் மோதியது. தனியாக ஓட்டிவந்த பயிற்சி விமானி அக்ஷயா, வயது இருபத்திரண்டு, அந்த ஏரியிலேயே விழுந்து இறந்தாள். யோகேஷ் குச்சியைக் கீழே போட்டுவிட்டு அந்தப் புகையை நோக்கி ஓடினான். செருப்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இரண்டு கையிலும் தீக்காயம். நான் விபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண்களை வரிசைப்படி அழைத்தேன்.

கவனக்குறைவு என்று அவனைக் கைது செய்தீர்கள். பதிவில் என் குரல் இரண்டு தடவை ‘எத்து?’ என்கிறது. மொழிபெயர்ப்பாளர் ‘உயரத்தை வினவுகிறார்’ என்று எழுதினார். மேனுவலைப் பார்த்தீர்கள், அதிலும் அதே வார்த்தை. ஹேமநாத் ஹைட் சமாச்சாரத்தை வாயே திறக்கவில்லை. திறந்தால் மேனுவலைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது வெளியே வரும். யோகேஷாவது சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அண்ணன் சரியாகத்தான் கேட்டிருப்பார், என் காதுதான் தப்பு. ஒரு குட்டு வாங்கின பிள்ளை மாதிரி. அதைப் படித்தபோது எனக்குப் பாவமாக இல்லை, அருவருப்பாக இருந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் படிக்காதவன்.

போன மாதம் அவன் மனைவி யாமினி என் வீட்டுக்கு வந்தாள். காலை ஒன்பது மணி இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை. என் மனைவி இட்லி கொடுத்தாள், அவள் குழந்தைக்கு மட்டும் பிட்டு ஊட்டினாள்.

“அண்ணா, அவரு ரிமாண்ட்ல சோறே துன்றதில்லியாம். அந்தப் பொண்ணு மூஞ்சியே வருதுன்னு அழுதுக்கினே கீறாரு.”

“கேஸ் நடக்குது. சட்டம் பாத்துக்கும்மா.”

“நீங்க ஏத்துன்னு சொன்னா மாறி இருந்திச்சாம். கம்பி வருதுன்னு நெனச்சி ஏத்திட்டாராம்.”

“நான் சொன்னது எத்து.”

“எத்துன்னா இன்னாண்ணா?”

“தெலுங்குல உயரம்.”

அவள் கொஞ்ச நேரம் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “அப்ப அவரு மேலதான் தப்பா” என்றாள். என்னைக் கேட்டது மாதிரி இல்லை. பிறகு எழுந்து, “உங்களுக்கும் கஷ்டம்தான் அண்ணா, கண்ணால பாத்துட்டீங்க இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவளுக்கு நாராயணவனத்துக் கதை தெரியும். யோகேஷ் வந்த புதிதில் நானே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தேன்.

இப்போது உங்கள் அறிக்கை கோட்டைவிட்டதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு எத்து இருக்கிறது. நீங்கள் இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நேரத்தைப் பாருங்கள், பதிவிலேயே இருக்கிறது.

முதல் எத்து பத்து மணி இருபத்தோரு நிமிஷத்தில். ட்ரோன் மின்கம்பியை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவன் காது எந்த மொழிக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். ட்ரோன் ஏறியது, எண்பது மீட்டரில் நின்றது. விதி மீறியாகிவிட்டது, பதிவாகிவிட்டது. கிழக்கே விமானம் திரும்பி வருவது எனக்குத் தெரிந்தது. எஞ்சின் அடங்கியிருந்ததால் யோகேஷுக்குக் கேட்டிருக்காது, தலையைத் தூக்காத ஒருவனுக்கு அது வருவதே தெரியாது. அதற்காகத்தான் பார்ப்பதற்கு என்று ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள். எண்பதிலேயே நின்றிருந்தால் அவள் அதன் மேலாகப் போயிருப்பாள். கீழே பார்த்துத் திட்டியிருப்பாள், புகார் எழுதியிருப்பாள். எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்திருக்கும்.

‘திம்பு’ என்று தெலுங்கில் ஒரு வார்த்தை உண்டு. இறக்கு என்று அர்த்தம். அது யோகேஷுக்கு நன்றாகத் தெரியும், தமிழில் அதைப்போல வேறு எதுவும் ஒலிக்காது. அது என் வாயில் இருந்தது.

ஆனால் யோகேஷ் என் முதல் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கவில்லை. உயரம் கேட்டுப் பதில் வராவிட்டால் ஐந்து விநாடி பொறுத்து மறுபடி கேட்க வேண்டும் என்று மேனுவலில் இருக்கிறது. கண்ணாடிக்குள் அவளுடைய வெள்ளைத் தலைக்கவசம் தெரிந்தது. என்னைப் பார்ப்பது மாதிரி அது ஒருமுறை திரும்பியது. நான் அவசரப்படவில்லை. ஐந்து விநாடியை முழுதாக எண்ணிவிட்டுத்தான் கேட்டேன்.